தண்ணீர் குடித்தும் கால் பிடிப்பது ஏன்?

விசுவமடுப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது. சிறுபோக நெல்லைத் தார் றோட்டில் காயப்போட்டு, அள்ளி, மூட்டை கட்டுகிற வேலையில் இரண்டு கிழமையாக நிற்கிறாராம். ஒரு லீற்றர் போத்தலில் பகலுக்கு 5 போத்தல் தண்ணீர் குடிக்கிறார். இருந்தும் பின்னேரத்தில் கெண்டைக்கால் பிடிக்கிறது, இரவில் பின்தொடை இழுத்து எழும்பி உட்கார்ந்துவிடுகிறார். பிறசருக்குக் குளிசை எடுக்கிறார். "இன்னும் தண்ணீர் குடிக்கச் சொல்லவா, கல்சியம் குளிசை வாங்கிக் கொடுக்கவா?" என்பது கேள்வி. இதில் உண்மையில் கேட்கப்படுவது, குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்த பிறகும் தசை ஏன் அடங்கவில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன். அது விளங்கினால் குளிசைக் கேள்விக்கு விடை தானாக வந்துவிடும்.

வன்னியில் 17 வருடமாக இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். நான் வைத்தியர் அல்ல. மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் அப்பாவின் காலை நான் தொட்டுப் பார்க்கவும் இல்லை. ஆனால் ஆடி, ஆவணி மாதங்களில் என்னிடம் வருகிறவர்களில் இதே கதையைச் சொல்கிறவர்கள் நிறையப்பேர்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். தசையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். தசை வேலை செய்யும்போது, எரிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நாலில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மற்றதெல்லாம் சூடு. குளிரான நாளில் அந்தச் சூட்டைத் தோல் வெளியே விட்டுவிடும். வெளியே 35 பாகை, காலுக்குக் கீழே கொதிக்கிற தார் என்றால், தோல் சூட்டை வெளியே விட முடியாது. அங்கிருந்து வாங்கத்தான் செய்யும். அப்போது உடம்புக்கு மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். வெயிலில் பாரம் தூக்குகிற ஒருவருக்கு மணிக்கு ஒரு லீற்றர் வியர்ப்பது சாதாரணம். சிலருக்கு அதற்கும் மேலே போகும்.

இங்கே வன்னியில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து சோழகம் அடிக்கிற காலத்தில் காற்று காய்ந்து வரும். வியர்வை தோலில் தங்காமல் வந்த வேகத்தில் காய்ந்துவிடும். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் சேர்ட் நனைந்து ஒட்டுவது போல இங்கே ஒட்டாது. "எனக்கு அவ்வளவா வேர்க்கேல்ல பிள்ளை" என்று ஒரு ஐயா என்னிடம் சொன்னார். அவருடைய நீலச் சேர்ட்டின் முதுகில், ஒன்றுக்குள் ஒன்றாக வெள்ளைக் கோடுகள், குளம் வற்றும்போது கரையில் படிகிற கோடுகள் மாதிரி. விரலால் சுரண்டினால் பொடியாக வந்தது. அத்தனையும் உப்பு. உங்கள் அப்பாவின் சேர்ட்டை இன்று பின்னேரம் தோய்க்கப் போட முன்னர் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

வியர்வையாகப் போகிற தண்ணீரில் ஒரு பங்கு இரத்தத்திலிருந்து போகிறது. இரத்தத்தின் அளவு குறைந்தாலும் தோலுக்கும் அது வேண்டும், தசைக்கும் வேண்டும். தோலுக்குக் கொடுக்காவிட்டால் உடம்பு சூடேறும். தசைக்குக் கொடுக்காவிட்டால் வேலை நடக்காது. இதயம் வேகமாக அடித்து இரண்டையும் சமாளிக்கப் பார்க்கும். உடல் எடையில் 2 சதவீதம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ அளவு தண்ணீர் இழந்தால், வெயிலில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிற திறன் குறையத் தொடங்கும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். தசை தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிற மாச்சத்தையும் வழக்கத்தைவிட வேகமாக எரித்துவிடும். ஆனால் ஒரே மூச்சில் ஒரு மூட்டையைத் தூக்குகிற பலம் இந்த அளவு இழப்பில் பெரிதாகக் குறையாது. அதனால்தான் ஆளுக்கே தெரிவதில்லை. காலையில் முதல் மூட்டை எப்படி ஏறியதோ அப்படியே பதினொரு மணிக்கும் ஒரு மூட்டை ஏறும். இருபதாவது மூட்டைக்குத்தான் கால் நடுங்கும்.

இனி உப்பு. உங்கள் கேள்வியின் மையம் இதுதான் என்பது என் கணிப்பு. ஒரு லீற்றர் வியர்வையோடு சராசரியாக 2 முதல் 3 கிராம் உப்பு போகிறது. ஆளுக்கு ஆள் இது நன்றாக மாறும். வெயிலுக்குப் பழகிய உடம்பு உப்பைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தப் பழக்கம் வர ஒன்று இரண்டு கிழமை எடுக்கும். உங்கள் அப்பா 4 லீற்றர் வியர்த்தார் என்று வைத்துக்கொள்வோம். 8 முதல் 12 கிராம் உப்பு போயிருக்கும், தேக்கரண்டியில் மட்டமாக எடுத்தால் ஏறக்குறைய இரண்டு. அவர் திருப்பி ஊற்றியது 5 லீற்றர் வெறும் தண்ணீர். காலையில் பிளேன்ரீயும் ஒரு துண்டு பாணும் என்றால், அதில் வருகிற உப்பு கொஞ்சம்தான். தண்ணீர்க் கணக்கு சரியாகிவிட்டது, உப்புக் கணக்கு ஆகவில்லை. உப்புக் குறைந்த உடம்பு குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் மாட்டாது, சலமாகக் கழித்துவிடும். அதோடு தாகமும் அடங்கிவிடும். ஆள் தன் உடம்பு நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இதை நான் புத்தகத்தில் படித்தேன், ஆனால் மனதில் ஏறியது ஒரு பிழையால். வேலைக்கு வந்த தொடக்கத்தில், பிடிப்பு என்று வந்த எல்லாருக்கும் "தண்ணி நிறையக் குடியுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மேசன் வேலை செய்கிற ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு, கொங்கிறீட் பிளாட் போடுகிற நாளில் தண்ணீரை விட்டு விட்டு என்றில்லாமல் தொடர்ந்து குடித்திருக்கிறார். பின்னேரம் தலையிடி, சத்தி, கால் கை எல்லாம் இழுவை. வாட்டில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சோடியம், அதாவது உப்பில் இருக்கிற சத்து, குறைந்திருந்தது. நல்லபடியாகத் தேறிவிட்டார். அவரைப் பார்க்கப் போனபோது கட்டிலில் இருந்தபடி, "நீங்கள் சொன்னபடிதான் குடிச்சனான் மிஸ்" என்றார். அதன் பிறகு தண்ணீர் என்று சொல்லும்போதெல்லாம் உப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

இது பழைய அனுபவமும்கூட. 1920களில் இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில், சூட்டுக்குள் வேலை செய்து வெறும் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கடுமையான பிடிப்பு வந்தது. ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் அதை ஆராய்ந்தார்கள். தண்ணீரில் கொஞ்சம் உப்புக் கலந்து கொடுத்தபோது பிடிப்புக் குறைந்தது.

சரி, இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிடிப்புக்கு ஒரே காரணம் தண்ணீரும் உப்பும் குறைவதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இது இன்னும் தீராத வாதம். நீண்டதூரம் ஓடுகிறவர்களைச் சோதித்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இரத்தத்திலுள்ள சோடியத்திலோ இழந்த தண்ணீரிலோ பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. அதனால் வேறொரு விளக்கம் வந்தது. தசை களைத்துப்போகும்போது, அதைச் சுருங்கச் சொல்கிற நரம்புச் சைகை கூடி, தளரச் சொல்கிற சைகை குறைந்துவிடுகிறது. அதுவும் தசை ஏற்கனவே குறுகிய நிலையில் இருக்கும்போது இன்னும் மோசம். வழக்கத்தைவிடக் கூடுதலான வேலை, ஒரேயடியாகக் களைப்பு, இவைதான் முக்கிய காரணம் என்பது இந்த விளக்கத்தைச் சொல்கிறவர்களின் வாதம். வினாகிரியில் ஊறிய வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர் குடித்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் பிடிப்பு விடுகிறது என்று 2010இல் ஒரு ஆய்வு வந்தது. அந்த நேரத்துக்குள் உப்பு இரத்தத்தில் சேரவே முடியாது. தொண்டையில் பட்ட புளிப்பு நரம்பு வழியாக ஏதோ செய்கிறது என்றுதான் அதை விளக்குகிறார்கள்.

மறுபக்கம், 2019இல் ஆஸ்திரேலியாவில் பத்து ஆண்களைச் சூட்டில் ஓடவிட்டு ஒரு சோதனை செய்தார்கள். வெறும் தண்ணீர் குடித்த நாளில் அவர்களின் கெண்டைக்கால் இன்னும் எளிதாகப் பிடித்தது. உப்புகள் கலந்த பானம் குடித்த நாளில் பிடிப்பது கடினமாகியது. பத்துப் பேர் என்பது சின்னக் கணக்கு, அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்க்கிற வயல் ஆட்களுக்கு இரண்டு விளக்கமும் ஒன்றாகப் பொருந்துகிறது. வெயிலில் ஒரு மணி நேரம் ஓடி முடிக்கிற ஓட்டக்காரர் அல்ல உங்கள் அப்பா. நாளுக்கு ஆறேழு மணி நேரம், கிழமைக் கணக்காக வியர்க்கிறவர். உப்பிழப்பு அவருக்கு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டு போகும். அதற்கு மேலே மூட்டை வாய் கட்டக் குந்தி இருக்கும்போது பின்தொடைத் தசை நீண்ட நேரம் குறுகிக் கிடக்கிறது. களைத்த தசை, குறுகிய நிலை, உப்பும் குறைவு. எழும்புகிற நேரத்தில் இழுக்காமல் என்ன செய்யும்?

தண்ணீர்க் குறைவு தசையின் அளவையே மாற்றும் என்பதற்கு நான் கண்ணால் பார்க்கிற சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. செயற்கைக் கால் போட்டவர்கள் இங்கே எத்தனை பேர் என்று வன்னியில் இருக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே கால் இழந்த ஒருவர், காலையில் ஒரு துணி உறை போட்டு மாட்டுகிற செயற்கைக் காலை, ஆவணி வெயிலில் நாள் முழுக்க மாடு சாய்த்துவிட்டுப் பின்னேரம் வரும்போது மூன்று உறை போட்டும் தளர்வாக இருக்கிறது என்று வந்து காட்டினார். மிஞ்சிய காலின் சதையில் தண்ணீர் குறைந்து, காலே சுருங்கிவிட்டது. அந்தத் தளர்வில் எலும்பு நுனி அடிபட்டுத் தோல் உரிந்திருந்தது. கால் இழந்தவர்களுக்கு வியர்க்கிற தோலின் பரப்பும் குறைவு, நடக்கச் செலவாகிற சக்தியோ கூட. ஆகவே மற்றவர்களைவிட வேகமாகச் சூடேறுவார்கள். வீட்டில் அப்படி யாராவது வெயிலில் வேலை செய்தால், மத்தியானம் ஒருமுறை காலைக் கழற்றி, துடைத்து, குடித்து, பிறகு மாட்டச் சொல்லுங்கள்.

இப்போது அப்பாவுக்குச் செய்ய வேண்டியது. பிடிக்கிற நேரத்தில் காலைக் குத்தவோ உதறவோ வேண்டாம். கெண்டைக்கால் என்றால் முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து மெதுவாக முகத்துப் பக்கம் தள்ளி, அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கட்டியாக எழும்பி நிற்கிற சதை உங்கள் கைக்குக் கீழேயே இளகிப் படுவது தெரியும். பின்தொடை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டியபடி உயர்த்துங்கள். இரவில் படுக்க முன் இதையே இரண்டு மூன்று தரம் செய்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

குடிப்பதில், தாகம் வந்த பிறகு ஒரே மூச்சில் ஒரு போத்தல் என்பதைவிட, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கிளாஸ் நல்லது. மணிக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்ட வேண்டாம். போத்தலை வெயிலில் வைத்தால் சுடுதண்ணீராகிவிடும், குடிக்க மனம் வராது. ஈரச் சாக்கைச் சுற்றி நிழலில் வையுங்கள். காலையில் பாணுக்குப் பதில், பழஞ்சோற்றில் உப்பும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு மோர் விட்டுக் கரைத்துக் கொடுங்கள். நம்முடைய முந்தின ஆட்கள் வயலுக்குக் கொண்டுபோனது அதுதான். தண்ணீர், உப்பு, மாச்சத்து மூன்றும் ஒரே சட்டியில் இருக்கிறது. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் உப்புப் போட்ட கஞ்சியோ, உப்பும் கொஞ்சம் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ கொடுக்கலாம். மிகவும் வியர்த்த நாளில் ஒரு பைக்கற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புத்தூள்) ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, பின்னேரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். அதை அரை லீற்றரில் தடிப்பாகக் கரைக்காதீர்கள், சீனி சேர்க்காதீர்கள்.

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, உப்புக் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் உப்பு. ஆகவே இளநீர் உப்புக்குப் பதிலாகாது. கிட்னி வருத்தம் உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்தாகலாம். தேத்தண்ணி குடிப்பதால் கெடுதல் இல்லை. கள்ளும் சாராயமும் வேலை முடிந்த உடனே வேண்டாம். சாராயம் சலத்தைக் கூட்டி, இருக்கிற தண்ணீரையும் இறக்கிவிடும்.

பிறசர் இருக்கிறவருக்கு உப்புக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். உப்பைக் குறைக்கச் சொன்னது சாதாரண நாளுக்கு. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. நான் சொல்வது வியர்த்துக் கொட்டுகிற நாளில் போனதில் ஒரு பங்கைச் சாப்பாட்டோடு திருப்பிக் கொடுப்பதை. உப்புக் குளிசையோ கரண்டி கரண்டியாக உப்போ வேண்டாம். வேலை இல்லாத நாளில் பழைய கட்டுப்பாடுதான். இதயமோ கிட்னியோ பலவீனம் என்று முன்னரே சொல்லியிருந்தால், வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

கல்சியம் குளிசை தேவையில்லை. வியர்வையில் கல்சியம் போவது சொற்பம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கல்சியம்தான். சிலர் "எங்கட தண்ணி சவர் தானே, உப்பு அதிலயே இருக்கு" என்பார்கள். அந்தச் சவரில் கல்சியமும் மக்னீசியமும் கலந்திருக்கும். போன உப்பை அது ஈடுசெய்யும் என்று நம்பி இருக்கக் கூடாது. மக்னீசியம் குளிசையைப் பற்றியும் கேட்கிறார்கள். வயதானவர்களின் பிடிப்புக்கு அது குறிப்பிடத்தக்க பலன் தருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

எனக்கு உண்மையான பயம் பிடிப்பு அல்ல, பிடிப்புக்கு மக்கள் எடுக்கிற குளிசை. பாமசியில் டைக்ளோபெனாக் என்ற வலிக்குளிசையை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த நாளும் வெயிலில் இறங்குகிறார்கள். தண்ணீர் குறைந்த உடம்பில், கிட்னிக்குப் போகிற இரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பது உடம்பு சுரக்கிற சில பொருட்கள். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை அவற்றைத்தான் அடைக்கின்றன. அதோடு பிறசருக்காக லொசார்ட்டனோ எனலாப்ரிலோ, சலம் கூடப் போகிற குளிசையும் சேர்ந்தால் கிட்னி மூன்று பக்கமும் மாட்டிக்கொள்ளும். வவுனியாப் பக்கமும் அதற்குத் தெற்கிலும் காரணம் தெரியாத கிட்னி வருத்தம் எத்தனை விவசாயிகளைப் பிடித்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 1990களில் இருந்து அதை ஆராய்கிறார்கள். தண்ணீர், விவசாய இரசாயனம், வெயிலில் திரும்பத் திரும்ப உடம்பு வறள்வது என்று பல சந்தேகங்கள். இன்னும் ஒன்றும் உறுதியாகவில்லை. உறுதியாகும் வரைக்கும் காத்திருக்காமல், வறண்ட உடம்பில் இந்த வலிக்குளிசையைப் போடாமல் இருக்கலாம். வலி தாங்காவிட்டால் அளவோடு பனடோல் போதும்.

இன்னொன்று, சலத்தின் நிறம். கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் குறைவு. தேத்தண்ணிச் சாயம் போல, கோலா போலக் கறுத்துப் போனால் அது வேறு. தசை உடைந்து அதன் நிறப்பொருள் சலத்தில் வருகிறது, அது கிட்னியை அடைக்கும். தசையைத் தொட்டாலே வலி, வீக்கம், கறுத்த சலம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வெயிலில் நிற்கிறவர் உளறத் தொடங்கினால், தடுமாறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், பிடிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, நாள் முழுக்க வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், அதை உருவி விடாமல் காட்டுங்கள். நடக்கும்போது பிடித்து, நின்றால் விடுகிறது என்றால் இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். கொலஸ்ட்ரோல் குளிசையாலும் தசை வலி வரும். வயது போகப் போக இரவில் கெண்டைக்கால் பிடிப்பது வெயிலில் நிற்காதவர்களுக்கும் உண்டு. ஆகவே நெல் வேலை முடிந்து இரண்டு கிழமை ஆகியும் பிடிப்பு நிற்காவிட்டால் வெயிலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு முன்னரே, அடுத்த கிளினிக் நாளில் அப்பாவின் குளிசைப் பைகளை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். "வெயிலில் வேலை, இரவில் பிடிப்பு, சோடியம், பொட்டாசியம், கிரியேற்றினின் பார்க்க முடியுமா" என்று வைத்தியரிடம் கேளுங்கள் (கிரியேற்றினின் கிட்னியின் நிலையைக் காட்டும்). சலம் போகிற குளிசை அதில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அறுவடை நாட்களில் அதை எப்படி எடுப்பது என்று அவர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.